கீரை, சைவம், மருந்து: மூன்று சொற்களில் நம் உணவு



மொழிக்கென அமைந்த இம்மேடையில் உணவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இலக்கணமும் இலக்கியமும் பேசப்படும் அவையில் கீரைக்கட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு சமூகம் எதை உண்டது, எதை விலக்கியது, நோய் வந்தபோது எதை நாடியது என்பதையெல்லாம் அதன் சொற்களே காத்து வைத்திருக்கின்றன. சொல் மறையும்போது அது குறித்த பொருளும் மெல்ல அடுப்படியை விட்டு வெளியேறுகிறது. சில வேளைகளில் சொல் அப்படியே இருக்க, பொருள் மட்டும் நாம் அறியாமலேயே மாறிவிடுகிறது.

இன்று மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்: கீரை, சைவம், மருந்து. மூன்றும் நாம் நாள்தோறும் பேசுபவை. கீரை என்னும் சொல் நம் வாயில் சுருங்கிவிட்டது. சைவம் என்னும் சொல் திசை மாறிவிட்டது. மருந்து என்னும் சொல் ஓரிடத்தில் தன் பொருளுக்கே பகையாக நிற்கிறது. இம்மூன்றையும் மீண்டும் அறிந்து பயன்படுத்தினால், நம் உடல்நலத்துக்கும் நமக்கு உணவு விளைவிக்கும் மண்ணின் நலத்துக்கும் வழி தெளிவாகும் என்பதே இவ்வுரையின் கருத்து.

கீரை

தமிழ்ப்பள்ளி ஒன்றின் வகுப்பறையில், ஆசிரியர் ஒருவர் மேசைமீது ஐந்து கீரைக்கட்டுகளை வைத்து ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டார். முதல் மூன்றுக்கும் மாணவர்கள் தயங்காமல் விடை சொன்னார்கள்: கங்கோங், பாயாம், சாவி. நான்காவதையும் ஐந்தாவதையும் பார்த்து, "கீரை, ஐயா" என்று மட்டும் சொன்னார்கள். நான்காவது பொன்னாங்கண்ணி, ஐந்தாவது மணத்தக்காளி. பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும் மணத்தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்து, தன் பாட்டி வாய்ப்புண்ணுக்கு இதைச் சமைத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். பெயர் அவளுக்கு நினைவில்லை, சுவை நினைவிருந்தது.

அம்மாணவர்களைக் குறைகூற நாம் முன்வரவில்லை. சந்தையில் வழங்கும் பெயரைத்தான் பிள்ளைகள் கற்கிறார்கள். நாட்டு மொழியில் ஒரு பொருளின் பெயரை அறிவது நல்லதே. ஆனால் கங்கோங் என்பது நம் பழைய வள்ளைக்கீரை. பாயாம் நம் தண்டுக்கீரையின் இனம். வீட்டுக் கதவைத் திறக்கும் சாவிக்கும் சட்டியில் வதங்கும் சாவிக்கும் தொடர்பில்லை; பின்னது நம் கடுகுச் செடியின் உறவு. மலாய்க் குடும்பங்கள் பெகாகா என்று சொல்லிப் பச்சையாக உலாமோடு உண்பது நம் வல்லாரை. அவர்களுடைய துரி நம் அகத்தி. செகுர் மானிஸ் என்பது தவசிக்கீரை. ஒரே செடி, இரண்டு பெயர், இரண்டு அடுப்படி. இரு பெயரையும் அறிந்த பிள்ளைக்கு இரண்டு வீட்டுச் சமையலறிவும் உரிமையாகிறது. ஒன்றை மட்டும் அறிந்தால் பாதிதான் கிடைக்கிறது.

முருங்கையின் கதை இன்னும் சுவையானது. தாவரவியலாளர் அம்மரத்துக்குச் சூட்டிய மோரிங்கா என்னும் இலத்தீன் பெயர் நம் முருங்கையிலிருந்து பிறந்தது. இன்று மருந்துக்கடைகளில் மோரிங்காத் தூள் கண்ணாடிப் புட்டிகளில் அடைபட்டு, நல்ல விலைக்கு விற்கிறது. நம்மவர் சிலர் அப்புட்டியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், வேலியோரத்து முருங்கை கேட்பாரின்றித் தழைத்து நிற்கிறது. பெயர் மாறியதும் பொருளும் அயலாகிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இந்நாட்டில் நம் முன்னோர் வாழ்ந்த தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. அங்கே முருங்கையும் கறிவேப்பிலையும், பாத்தியில் தண்டுக்கீரையும், பந்தலில் அவரையும் புடலையும் இருந்தன. சப்பானியர் ஆட்சிக்காலத்தில் அரிசி கிடைக்காதபோது, மரவள்ளிக்கிழங்கு உயிர்காத்த உணவாயிற்று. பால்மரம் வெட்டி முடித்துத் திரும்பும் தாய், வழியில் பறித்த கீரையை முந்தானையில் முடிந்து வருவாள். கூலி குறைந்த அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று நாம் போற்றவில்லை. அங்கே வறுமையும் நோயும் இருந்தன. ஆனாலும் அத்தாய்க்குப் பத்துக் கீரைகளின் பெயரும், எதை எதோடு சமைப்பது என்னும் அறிவும் இருந்தன.

பின்னர் ரப்பர் நிலங்கள் செம்பனைக்கு மாறின. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆயின. மக்கள் நகர்ப்புறத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். பல குடும்பங்கள் வீட்டை இழந்ததைப் பற்றி நாம் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். கீரைப்பாத்தியை இழந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. நான்காம் மாடியில் பாத்தி கட்ட இடமில்லை. பாத்தி போனது, அதன்பின் பெயர் போனது, பெயருக்குப்பின் சுவையும் போகக் காத்திருக்கிறது.

கீரையின் பயனை மாணவர்களுக்கு எடுத்துரைக்கும்போது நாம் சரியாகவும் சொல்ல வேண்டும். கீரையில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் தாவரங்களில் உள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஈர்த்துக்கொள்வதில்லை. உயிர்ச்சத்து 'சி' உடனிருந்தால் ஈர்ப்பு கூடுகிறது. ஆகவே கீரையோடு எலுமிச்சைச் சாறு, தக்காளி, உணவுக்குப்பின் கொய்யா ஆகியவை நல்ல துணை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இதற்கு நேர்மாறாக அவ்விரும்பைத் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்தினால் போதும். செலவில்லாத திருத்தம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செடியிலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றது என்று எண்ணுவது தவறு. 1990களின் நடுவில் தைவானில், உடல் இளைக்கும் என்று நம்பித் தவசிக்கீரையைப் பச்சையாகச் சாறு பிழிந்து பெருமளவில் குடித்தவர்கள் பலருக்கு நுரையீரல் மீளாத வகையில் கெட்டது. அதே கீரையை நம் நாட்டில் சமைத்து, அளவோடு உண்டு வருகிறோம். எதை உண்பது என்பதோடு எப்படி, எவ்வளவு உண்பது என்பதும் சேர்ந்ததே மரபறிவு. பெயரையும் பக்குவத்தையும் பிரித்துவிட்டால் நல்ல கீரையும் கேடாகலாம்.

சைவம்

அடுத்த சொல்லுக்கு வருவோம். சைவம் என்பது ஒரு சமயநெறியின் பெயர். அதுவே புலால் கலவாத உணவுக்கும் பெயராயிற்று. "இன்று நாங்கள் சைவம்" என்றால், அன்று அவ்வீட்டில் மீனும் இறைச்சியும் இல்லை என்று பொருள்.

'கறி' என்னும் சொல்லையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். பழந்தமிழில் கறி என்பது மிளகைக் குறித்தது. பின்னர்க் காய்கறி, மரக்கறி என்று தாவர உணவோடும் சேர்ந்து வழங்கியது. மலாய்மொழியும் ஆங்கிலமும் அச்சொல்லை நம்மிடமிருந்து பெற்றுக்கொண்டன. இன்றோ நம் வீடுகளில் "கறி வாங்கி வா" என்றால் ஆட்டிறைச்சியையோ கோழியையோதான் பிள்ளை வாங்கி வருகிறான். கொடியில் காய்த்த சொல் இறைச்சிக்கடைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. உணவின் நடுவிடமும் அதனோடு பெயர்ந்தது. காய்கறி துணைக்கு நிற்பதாயிற்று; இறைச்சி இல்லாத நாள் விரத நாளாயிற்று.

சரி, அந்தச் சைவ நாளில் நாம் என்ன உண்கிறோம்? வாழையிலையில் வெள்ளைச் சோறு மலைபோல் குவிந்திருக்கும். சாம்பாரும் இரசமும் இருக்கும். அப்பளம், வடை, எண்ணெயில் பொரித்த பாகற்காய், மிளகாய் வற்றல் இருக்கும். இறைச்சிபோலவே செய்த கோதுமைப் புரதத் துண்டுகள் மசாலாவில் மிதக்கும். பாயசம் இருக்கும். கீரையும் காய்களும் இலையின் ஓரத்தில் இரண்டு சிறு குவியல்களாக இருக்கும். புலால் இல்லை என்பதால் இது சைவம். உடலுக்கு நல்லதா என்பது வேறு கேள்வி. 'எது இல்லை' என்பதை மட்டும் பார்த்து நிறைவடைந்த நாம், 'எது இருக்கிறது' என்று பார்க்க மறந்தோம்.

இதன் விலை என்ன என்று பார்ப்போம். சுகாதார அமைச்சு 2019இல் நடத்திய தேசிய உடல்நலக் கருத்தாய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் வீடுகளில் இனிப்புநீர் என்று சொல்கிறோமே, அதே நோய்தான். இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. எல்லா இனத்தாரிலும் அதுவே மிக உயர்ந்த அளவு. இந்த அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களை மூவர் மூவராகப் பிரித்துப் பார்த்தால் அவ்வெண்ணின் கனம் விளங்கும். கால் விரலை இழந்த மாமாவும், வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்லும் அத்தையும் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே குறைந்து வருகின்றன. அதே கருத்தாய்வு இன்னொன்றையும் சொன்னது: பெரியவர்களில் 95 விழுக்காட்டினர் போதிய காய்கறியும் பழமும் உண்பதில்லை. நீரிழிவுக்கு மரபணுவும் உடலுழைப்புக் குறைவும் காரணங்கள்தாம். என்றாலும் தட்டு நம் கையில் இருக்கிறது.

உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. நிறுவைத் தட்டு இல்லாமலேயே இதைப் பின்பற்ற நம் சுகாதார அமைச்சு எளிய வழி ஒன்றைப் பரப்பி வருகிறது. மலாயில் அதைச் 'சுக்கு சுக்கு செப்பாரோ' என்பார்கள். நம் மாணவர்கள் சிலர் இதைக் கேட்டு, இஞ்சி காய்ந்த சுக்கைத் தேடுவதுண்டு. இங்கே சுக்கு என்பது கால் பங்கு. செப்பாரோ அரைப் பங்கு. தட்டில் கால் பங்கு சோறு அல்லது மாவுணவு. கால் பங்கு புரதம். அரைப் பங்கு காய்கறியும் பழமும். நம் வாழையிலையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டால், இலையின் நடுவில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் இடம் மாற வேண்டும் என்பது புலப்படும். பழக்கத்தையெல்லாம் விடச் சொல்லவில்லை. சோற்றுக் குவியலைக் குறைத்து, கூட்டையும் பொரியலையும் கீரையையும் கூட்டினால் அதே விருந்து நல்லுணவாகிறது.

புரதத்துக்கு இறைச்சி இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பெற்றோர் கேட்பார்கள். அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அதை அரிசி ஈடுசெய்கிறது. இட்லியில் அரிசியும் உளுந்தும் சேர்ந்தது, பொங்கலில் அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்தது, சோற்றோடு சாம்பார் சேர்ந்தது எல்லாம் இந்த இணைப்புத்தான். ஆய்வுக்கூடம் வருமுன்பே அடுப்படி கண்டறிந்த உண்மை அது. ஆனால் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டிய நிலை வந்தால் இணைப்பு அறுந்துவிடும். நீர்த்த சாம்பார் புரதம் ஆகாது. கொண்டைக்கடலைச் சுண்டலையும் தட்டைப்பயற்றுக் குழம்பையும் பாசிப்பயற்றையும் நாள்தோறும் ஒரு வேளையாவது கெட்டியாக உண்ண வேண்டும். நம் அண்டை வீட்டாரிடமும் செல்வம் இருக்கிறது. சாவகத்திலிருந்து வந்த தெம்பே, சீனர் கொண்டுவந்த தோஃபு ஆகிய இரண்டும் சோயாவிலிருந்து ஆனவை, விலை குறைந்தவை, புரதம் நிறைந்தவை. இறைச்சி வடிவில் வார்த்து உப்பேற்றிய துண்டுகளைவிட இவை பலமடங்கு நல்லவை.

பாலும் முட்டையும்கூட இல்லாமல் முழுத் தாவர உணவை மேற்கொள்வோருக்கு ஓர் எச்சரிக்கை தேவை. பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. அது குறைந்தால் இரத்தசோகையும் நரம்புத் தளர்ச்சியும் கைகால் மரத்துப்போதலும் வரலாம். அச்சத்து ஊட்டப்பட்ட உணவையோ மாத்திரையையோ மருத்துவரின் அறிவுரையோடு எடுத்துக்கொள்வது அவர்களுடைய கடமை. கொள்கையில் உறுதி உள்ளவர் இதிலும் உறுதியாக இருக்க வேண்டும்.

தாவர உணவை மிகுதியாக்குவது நாட்டின் உணவுப் பாதுகாப்போடும் தொடர்புடையது. 2022 ஜூன் முதல் நாள் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். சிங்கப்பூரில் கோழிச்சோற்றுக் கடைகள் கலங்கின. நம் ஊர்ச் சந்தைகளிலும் கோழி விலை ஏறியிருந்தது. உள்நாட்டில் வளரும் கோழிக்கு ஏன் தட்டுப்பாடு? கோழி உள்நாட்டில் வளர்ந்தாலும் அது தின்னும் சோளமும் சோயாவும் பெரும்பாலும் கடல் கடந்து வருகின்றன. உக்ரேன் போர் தொடங்கியபின் தீவன விலை ஏறியது, கோழிப்பண்ணையும் தளர்ந்தது. தானியத்தை விலங்குக்கு ஊட்டி, அவ்விலங்கை நாம் உண்ணும்போது, இடையில் பெரும்பகுதி விலங்கின் உயிர்வாழ்வுக்கே செலவாகிவிடுகிறது. நாம் உண்ணும் பருப்பும் பெரும்பாலும் இறக்குமதிதான். ஆனால் அது நேரே நம் தட்டுக்கு வருவதால், அதே அளவு புரதத்துக்கு மிகக் குறைந்த நிலமும் நீரும் போதும்.

மருந்து

மூன்றாம் சொல்லை எடுக்கும்போது நம் குரல் சற்றுத் தாழ்கிறது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து. பெயரைப் பார்த்து மூலிகைப் பட்டியலை எதிர்பார்ப்பவர் அங்கே ஒரு மூலிகைப் பெயரையும் காணமாட்டார். பசியறிந்து உண்பதும், அளவறிந்து உண்பதும், உடலுக்கு ஒத்ததை உண்பதும் அங்கே பேசப்படுகின்றன. உணவு முறையே மருந்து என்பது நம் மரபில் அவ்வளவு ஆழமாக ஊன்றிய கருத்து.

அதே சொல் நம் தோட்டங்களில் எப்படி வழங்கியது? "அம்மா எங்கே?" என்று கேட்டால், பிள்ளை சொல்லும் விடை: "மருந்து அடிக்கப் போயிருக்கிறார்." முதுகில் கலனைச் சுமந்து, செம்பனை வரிசைகளுக்கிடையே களைகளின்மீது தெளிக்கப்பட்டது மருந்தன்று, நஞ்சு. தெளித்தவர்களில் மிகப் பலர் நம் தாய்மார். கையுறையும் முகக்கவசமும் இல்லாமலோ, வெப்பத்தில் அணிய முடியாமலோ அவர்கள் அவ்வேலையைச் செய்தார்கள். பலருக்கு நகங்கள் சிதைந்தன, மூக்கில் இரத்தம் கசிந்தது, தோல் வெடித்தது, கண் எரிந்தது. தெனாகானித்தா என்னும் பெண்கள் உரிமை அமைப்பு, பூச்சிக்கொல்லிக்கு எதிரான ஆசிய பசிபிக் இயக்கத்தோடு இணைந்து, தோட்டப் பெண்களின் இத்துயரை ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்டது.

அந்தக் களைக்கொல்லிகளுள் ஒன்று பாராகுவாட். சிறிதளவு விழுங்கினாலும் உயிரைக் குடிக்கக்கூடியது. அதற்கு முறிவு மருந்தும் இல்லை. மலேசிய அரசு 2002இல் அதற்குத் தடை அறிவித்தது. 2006இல் அத்தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. மீண்டும் தடைவந்து முழுமையாக நடைமுறையானது 2020 சனவரி முதல் நாள். முதல் அறிவிப்புக்கும் முடிவான தடைக்கும் இடையே ஏறத்தாழ 18 ஆண்டுகள் கடந்தன. ஒரு குழந்தை பிறந்து வாக்காளராகும் வயதை எட்டும் காலம் அது.

இயற்கை வேளாண் உணவு வசதியுள்ளவரின் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லும்போது நாம் இந்தத் தாய்மாரை நினைக்க வேண்டும். உண்பவரின் தட்டில் எச்சமாக ஒட்டியிருப்பது கேள்வியின் ஒரு பாதி. தெளித்தவரின் நுரையீரலிலும் மண்ணிலும் ஆற்றிலும் தங்குவது மறுபாதி. இயற்கை முறையில் விளைந்த காயில் ஊட்டச்சத்து பெரிதும் கூடுதலாக இருக்கும் என்று அடித்துச் சொல்ல நாம் வரவில்லை. நஞ்சின் எச்சம் அதில் குறைவு என்பதும், விளைவித்தவரின் உடல் தப்பியது என்பதும் போதுமான காரணங்கள்.

மண்ணின் கதையைக் கேமரன் மலையில் காணலாம். நம் நாட்டில் விளையும் முட்டைக்கோசும் தக்காளியும் பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன. சரிவுகளில் காடு வெட்டப்பட்டு மண் திறந்து கிடந்தபோது, மழை அம்மண்ணை ஆறுகளில் இறக்கியது. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் அது வண்டலாகப் படிந்து, நீர் தங்கும் இடத்தைக் குறைத்தது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. மலிவாக வாங்கிய காய்க்குக் கீழ்வாழும் யாரோ மீதி விலையைக் கொடுக்கிறார்கள். மலைக்காய்களை மட்டுமே நாடாமல் வள்ளை, தண்டுக்கீரை, வெண்டை, கத்தரி, காராமணி போன்ற தாழ்நிலப் பயிர்களை மிகுதியாக வாங்கினால் அச்சரிவுகளின் சுமை சற்றுக் குறையும். இவற்றுள் காராமணி போன்ற அவரை இனங்கள் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குத் தருபவை. உண்ணவும் உதவும், மண்ணுக்கு உரமும் ஆகும்.

கடையில் வாங்கும்போது சான்றிதழ்களை அறிந்து வாங்க வேண்டும். விவசாயத் துறை இரண்டு வகைச் சான்றிதழ்களை வழங்குகிறது. மைகேப் என்பது நல்ல வேளாண் நடைமுறைக்கானது; அதில் செயற்கைப் பூச்சிக்கொல்லியை விதிகளுக்குட்பட்டு, அறுவடைக்குமுன் உரிய நாள்கள் காத்திருந்து பயன்படுத்தலாம். மைஆர்கானிக் என்பது செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் இன்றி விளைந்ததற்கானது. இரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் பலர். உறையில் பச்சை இலைப் படம் போட்டிருப்பது எந்தச் சான்றிதழும் ஆகாது.

இயற்கை விளைச்சலின் விலை கூடுதல் என்பதை மறுக்கவில்லை. களையைக் கையால் எடுக்கக் கூலி வேண்டும். விளைச்சல் சில வேளை குறையும். மாதச் சம்பளத்தில் வாடகையும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணமும் போக மிஞ்சுவதில் குடும்பம் நடத்தும் ஒரு தாயிடம், எல்லாவற்றையும் இயற்கை அங்காடியில் வாங்கு என்று சொல்வது அறமாகாது. அவருக்கு நாம் சொல்லக்கூடியது வேறு. எந்த முறையில் விளைந்த காயானாலும், காய் உண்பது உண்ணாமையைவிட மேல். ஓடும் நீரில் நன்கு கழுவுங்கள். கோசின் வெளியிலைகளை நீக்குங்கள். இரவுச் சந்தையில் விற்பவர் தாமே விளைவிப்பவராக இருந்தால், என்ன தெளித்தீர்கள், எப்போது தெளித்தீர்கள் என்று கேளுங்கள். பலர் கேட்கத் தொடங்கினால் விளைவிப்பவரும் விடைசொல்லும் வகையில் விளைவிப்பார்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரியப் பெருமக்களே, நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் பல, தோட்டத்து மண்ணில் நின்றவை. 'எங்கள் பள்ளிக் காய்கறித் தோட்டம்' என்ற தலைப்பில் நம் மாணவர்கள் ஆண்டுதோறும் கட்டுரை எழுதுகிறார்கள். மண்ணைத் தொடாமலேயே பலர் நல்ல புள்ளிகளும் பெறுகிறார்கள். இவ்வாண்டு கட்டுரைக்குமுன் பாத்தியைத் தொடங்குவோம். முருங்கைக்கு விதைகூட வேண்டாம்; கிளையை வெட்டி நட்டால் தழைக்கும். பொன்னாங்கண்ணித் தண்டைக் கிள்ளி ஈரமண்ணில் செருகினால் வேர்விடும். தண்டுக்கீரையும் வள்ளையும் விதைத்த ஒரு மாதத்துக்குள் பறிக்கத் தயாராகும்; ஒரு பருவப் பாடத்திட்டத்துக்குள் மூன்று அறுவடை காணலாம். நிலமில்லாத பள்ளிக்கு உடைந்த வாளியும் பழைய எண்ணெய்த் தகரமும் போதும். சிற்றுண்டிச்சாலையின் காய்கறித் தோலும் உதிர்ந்த இலையும் மக்கி உரமாகும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு பணி இருக்கிறது. ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டியோ தாத்தாவோ அண்டை வீட்டு அம்மாவோ அறிந்த கீரை, காய், கிழங்கு, பயறு ஒவ்வொன்றின் தமிழ்ப்பெயரையும் மலாய்ப் பெயரையும் எழுதுங்கள். எப்படிச் சமைப்பது, எதற்கு நல்லது, எப்போது ஆகாது என்பதையும் கேட்டு எழுதுங்கள். பாட்டி சொல்வதையெல்லாம் மருத்துவ உண்மை என்று கொள்ள வேண்டியதில்லை. அறிவியல் ஆசிரியரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போது கேட்காத கேள்விக்கு விடைசொல்ல அகராதியால் இயலாது.

பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து சிற்றுண்டிச்சாலையிலும் விழாப் பந்தியிலும் ஒரு மாற்றத்தைக் கொண்டுவரலாம். பொங்கல் விழாவிலும் பரிசளிப்பு விழாவிலும் பரிமாறும்போது சோற்றுக்கு முன் காயைப் பரிமாறுங்கள். பொரித்தது ஒன்று இருந்தால் அவித்தது இரண்டு இருக்கட்டும். இனிப்புநீரால் துன்புறும் பெரியவர் நம் பந்தியில் அமர்ந்து, அஞ்சாமல் உண்ண முடிந்தால் அதுவே நல்ல விருந்து.

முன்பு சொன்ன வகுப்பறையில், வாரங்கள் சில கழித்து அதே ஆசிரியர் மணத்தக்காளி விதைகளைக் கொடுத்து நடச் சொன்னார். பின்வரிசை மாணவி தன் வாளிச் செடிக்கு அட்டையில் பெயர் எழுதிக் கட்டினாள். முதலில் எழுதியதில் ணகரம் பிழைபட்டிருந்தது, ஆசிரியர் திருத்தினார். அவள் மீண்டும் எழுதினாள். செடி வளர்ந்து காய்த்தபோது, அந்தப் பெயரை வகுப்பில் அறியாத பிள்ளை ஒருவரும் இல்லை. மொழி வளர்க்கும் வழியும் உடல் வளர்க்கும் வழியும் அந்த வாளியில் ஒன்றாயின.

கீரைக்கு அதன் பெயர்களைத் திருப்பிக் கொடுப்போம். சைவம் என்று சொல்லும்போது தட்டில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்போம். நஞ்சை நஞ்சு என்றே அழைப்போம். மருந்து என்னும் சொல்லை உணவுக்கு மீட்டெடுப்போம். முதுகில் கலன் சுமந்து நமக்குக் கல்வி தந்த தாய்மாருக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அது.